செஷன் விழுந்து எழுகிறது: டைமரைக் கூட்டுவதா, பிஎஃப்டி போடுவதா, நிறுத்தி வைப்பதா?

எந்த முகவரிக்கு எந்த வழி (ரூட்) என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி; அதற்காக இரு ரவுட்டர்கள் வைத்திருக்கும் இணைப்பு செஷன். பிஜிபி செஷன் ஒன்று விழுவதும் எழுவதுமாக இருக்கும்போது, கூடியிருப்பவர்களில் ஒருவர் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: "ஹோல்ட் டைமைக் கூட்டிவிடலாம்." மறுமுனையிலிருந்து செய்தி வராமல் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு அது. அடுத்தவர் அதற்கு நேர் எதிராக, "பிஎஃப்டி போட்டுவிடலாம்" என்பார்; மறுமுனை இறந்ததை விரைவாகக் கண்டுபிடிக்கும் தனி நெறிமுறை அது. மூன்றாமவர், செஷன் விழுந்தாலும் பழைய ரூட்டுகளைப் பிடித்துவைக்கும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டைச் சொல்வார். நீண்ட காலம் இந்த வேலையில் இருப்பவர், அடிக்கடி வந்து போகும் ரூட்டை ஒதுக்கிவைக்கும் டாம்பனிங்கை நினைவுபடுத்துவார். கேட்பதற்கு எல்லாம் ஒரே நோய்க்கான மாற்று மருந்துகள் போல இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்கானது. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோயாளி மேலும் படுத்துவிடுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. செஷன் எதனால் விழுகிறது? அது விழுந்தால் டிராஃபிக் போவதற்கு வேறு பாதை இருக்கிறதா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை மிகச் சிலரே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்காததால்தான் வருகின்றன.

முதலில் அந்த இரண்டு எண்கள்

செஷனை முறிக்கும் ரவுட்டர் பொதுவாகச் சொல்லாமல் முறிப்பதில்லை. காரணத்தை இரண்டு எண்களில் எழுதி மறுமுனைக்கு அனுப்பிவிட்டுத்தான் முறிக்கும். நோட்டிஃபிகேஷன் என்ற இந்தச் செய்தியை, பிஜிபியின் இப்போதைய அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 4271 வரையறுக்கிறது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை). அது 2006-இல் வெளியானது. 4/0 என்றால் ஹோல்ட் டைமர் தீர்ந்துவிட்டது. 6/1 என்றால் அனுமதித்த வரம்பைத் தாண்டி ரூட்டுகள் வந்துவிட்டன. 6/2 என்றால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஷட்டவுன் கொடுத்திருக்கிறார். 3-இல் தொடங்கினால், ரூட்டுகளைச் சுமந்து வந்த அப்டேட் செய்தியே பழுதானது. நோட்டிஃபிகேஷன் எதுவும் லாக்கில் இல்லாமல் செஷன் விழுந்திருந்தால், இன்டர்ஃபேஸ் கீழே போயிருக்கிறதா என்றும், நடுவில் உள்ள ஃபயர்வால், செஷனைச் சுமக்கும் டிசிபி இணைப்பை வெட்டுகிறதா என்றும் பாருங்கள்.

6/1-ஐப் பார்த்தவுடன் வரம்பை உயர்த்திவிடுபவர்கள் உண்டு. அந்த வரம்பு ஒரு காவல். மறுமுனை தவறுதலாகத் தன் முழு அட்டவணையையும் உங்கள் பக்கம் கொட்டியிருக்கலாம். எத்தனை ரூட்டுகள் வர வேண்டும் என்று அவர்களிடம் கேட்ட பிறகுதான் அந்த எண்ணில் கை வைக்க வேண்டும்.

3-இல் தொடங்கும் பிழை அரிது. வந்தால் பெரிதாக வரும். 2010 ஆகஸ்ட் 27 அன்று ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசியும் டியூக் பல்கலைக்கழகமும் ஒரு சோதனைக்காக வழக்கத்தில் இல்லாத ஒரு பண்புக்கூறுடன் ஒரு ரூட்டை அறிவித்தன. அறிவிப்பில் பிழை இல்லை. ஆனால் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஆர் மென்பொருளில் இருந்த ஒரு வழு, அதை அடுத்த ரவுட்டருக்குக் கடத்தும்போது சிதைத்துவிட்டது. சிதைந்த செய்தியைப் பெற்றவை விதிப்படி செஷனை முறித்தன, மீண்டும் இணைந்தன, அதே செய்தி மீண்டும் வர, மீண்டும் முறித்தன. அரை மணி நேரத்துக்குள் சோதனையை நிறுத்தினார்கள். பழுதான ஒரு ரூட்டுக்காக முழு செஷனையும் கொல்லக் கூடாது, அந்த ரூட்டை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கொள்ளலாம் என்ற விதி 2015-இல் ஆர்எஃப்சி 7606 ஆக வந்தது. இந்த வகை விழுதலுக்கு எந்த டைமரும் தீர்வாகாது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கத்தைக் கெடுப்பது 4/0.

ஹோல்ட் டைமைக் கூட்டுவது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். பெரும்பாலும் பயன்படாததும் இதுதான்.

பிஜிபி, டிசிபியின் 179-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. இரு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று 19 பைட் அளவுள்ள கீப்அலைவ் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹோல்ட் டைம் முடிவதற்குள் கீப்அலைவோ அப்டேட்டோ வரவில்லை என்றால், மறுமுனை இறந்துவிட்டதாக முடிவு செய்யப்படும். சிஸ்கோவில் இயல்பாக 60 விநாடிக்கு ஒரு கீப்அலைவ், 180 விநாடி ஹோல்ட் டைம். ஜூனிப்பரில் 30, 90. இரண்டும் ஒன்றோடொன்று பேசினால் குறைந்த ஹோல்ட் டைமான 90 தான் இருவருக்கும் பொருந்தும். ஆகவே உங்கள் பக்கம் மட்டும் 360 என்று மாற்றி ஒரு பயனும் இல்லை. மறுமுனையும் மாற்ற வேண்டும். அதோடு, இந்தப் பேரம் செஷன் தொடங்கும்போது மட்டுமே நடக்கிறது. செஷனை ஒரு முறை மீட்டமைத்தால்தான் புதிய எண் நடைமுறைக்கு வரும்.

இனி ஒரு கணக்கு. 180 விநாடி என்பது மூன்று நிமிடம். கீப்அலைவ் வழியில் தொலைந்தால் டிசிபி அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அப்படியும் மூன்று நிமிடம் முழுவதும் ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை என்றால், அது சாதாரண நெரிசல் கிடையாது. எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பு இருக்கும்போது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதால் என்ன கிடைக்கும்?

எனக்கு இது உறைத்த கதையைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் அதன் கிடங்குக்கும் நடுவே ஒரே ஒரு லைன். ஒரு நாள் மாலை அந்த செஷன் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விழத் தொடங்கியது. கிடங்கிலிருந்து அழைத்தவர், "சார், பில் போட முடியவில்லை, வாசலில் எட்டு லாரி நிற்கிறது" என்றார். தலைமை அலுவலக ரவுட்டரில் பார்த்தால் செஷன் எஸ்டாப்ளிஷ்ட் நிலையில், அதாவது எழுந்து, இருந்தது. கிடங்கின் 12 ரூட்டுகளும் வந்திருந்தன. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மூன்று நிமிடம் ஆனதும் 4/0. லாக்கில் அது கிடங்கிலிருந்து பெறப்பட்டது என்று இருந்தது. உடனே, பழுது கிடங்கு ரவுட்டரில்தான் என்று முடிவு கட்டி, மாற்று ரவுட்டரை வண்டியில் ஏற்றும் பேச்சு வந்துவிட்டது.

'பெறப்பட்டது' என்ற அந்தச் சொல்லைத் தவறாகப் படித்தோம். 4/0-ஐ அனுப்புகிற ரவுட்டர், தனக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று சொல்கிறது. பட்டினி கிடந்தது அது. சோறு போகாமல் தடுத்தது வழியில் இருந்த ஏதோ ஒன்று. கிடங்கில் ஒருவரை உட்காரவைத்து, ரவுட்டர் காட்டும் பிஜிபி செஷன்களின் சுருக்கப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். செஷன் எழுந்து 2 நிமிடம் 51 விநாடி, பெற்ற ரூட்டுகள் 0. எங்கள் பக்கத்தில் அதே பட்டியலில், அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கை அசையாமல் நின்றது. அந்த நிற்கும் எண்ணைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

கிடங்கு அனுப்பியது 12 ரூட்டுகள், சிறிய பாக்கெட். நாங்கள் அனுப்பியது 400-க்கு மேல். 1500 பைட் முழுவதையும் நிரப்பும் பாக்கெட். லினக்ஸில் இருந்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் கொடுத்தேன். லினக்ஸில் 1472 என்று கொடுத்தால் ஐபி தலைப்பின் 20 பைட்டும், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் 8 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் நேராக 1500 என்றே கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டில் ஏமாந்தவர்கள் பலர். 1500 போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்ததில் மொத்த அளவு 1476 போனது, 1477 போகவில்லை. அந்த 24 பைட் குறைவைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் ஜிஆர்ஈ டனலின் தலைப்பு சரியாக 24 பைட். அன்று பகலில், லைன் தரும் நிறுவனமான கேரியர் எங்கள் லைனை ஒரு டனலுக்குள் திருப்பியிருந்தார்கள். பெரிய பாக்கெட் டனல் வாசலில் விழுந்தது. 'பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு' என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் எதுவோ தடுத்தது. டிசிபி வரிசை தவறாமல் கொடுக்கும் நெறிமுறை ஆதலால், முன்னே நின்ற பெரிய பாக்கெட் போய்ச் சேரும்வரை, அதன் பின்னால் வந்த 19 பைட் கீப்அலைவும் பிஜிபியின் கைக்குப் போகாது. செஷன் எழும், ஏனென்றால் தொடக்கச் செய்திகள் சிறியவை. மூன்று நிமிடத்தில் சாகும்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு ஹோல்ட் டைமை இரு பக்கமும் 360 ஆக்கியிருந்தோம். என்ன நடந்தது? மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்த செஷன், ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்தது. கண்காணிப்புத் திரையில் விழுதல்களின் எண்ணிக்கை பாதியாகிவிட்டதால் முன்னேற்றம் போலத் தெரிந்தது. கிடங்கில் ஒரு பில்கூட போகவில்லை. இரு முனைகளிலும் இன்டர்ஃபேஸின் ஐபி எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1476 ஆக்கினோம்; டிசிபி துண்டின் அளவு 1436-க்கு இறங்கியது; அடுத்த முறை எழுந்த செஷன் நின்றுவிட்டது.

ஹோல்ட் டைமைக் கூட்டுவது சரியாகும் இடங்களும் இருக்கின்றன. யாரோ முன்பு 3 விநாடி, 9 விநாடி என்று ஆசைப்பட்டு இறுக்கி வைத்திருந்தால், அதை 30, 90-க்குத் தளர்த்துவது நல்லது. கீப்அலைவை அனுப்புவது ரவுட்டரின் முதன்மைச் செயலி. முழு இணைய அட்டவணையை அது மென்றுகொண்டிருக்கும் நேரத்தில் 9 விநாடி ஹோல்ட் டைம் தாங்காது. இயல்பு அளவுக்குத் திரும்புவதற்கு மட்டும் ஆம். இயல்பைத் தாண்டிக் கூட்டுவதற்கு, என்னைக் கேட்டால், இல்லை.

பிஎஃப்டி: விரைந்து அறிவது யாருக்கு நல்லது?

பிஎஃப்டி 2010-இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்தது. யூடிபியில் சிறு பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பி, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். 300 மில்லி விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் முடிவு என்று அமைத்தால், 900 மில்லி விநாடியில் செய்தி பிஜிபிக்குப் போய்விடும். 90 விநாடியோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு.

இது ஒளிரும் இடம், இரு ரவுட்டர்களுக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச் இருக்கும் அமைப்பு. இணையப் பரிமாற்ற மையங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மறுமுனை ரவுட்டர் இறந்தாலும் உங்கள் இன்டர்ஃபேஸ் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு பச்சையாகவே இருக்கும். ஹோல்ட் டைமர் தீரும்வரை டிராஃபிக் பள்ளத்தில் கொட்டும். 10 ஜிபிபிஎஸ் லைன் நிரம்ப ஓடினால், 90 விநாடியில் 100 ஜிகாபைட்டுக்கு மேல் காற்றில் போகிறது. அங்கே பிஎஃப்டி இல்லாமல் இருப்பதுதான் தவறு. நேரடி ஃபைபர் என்றால் தேவை குறைவு: ஃபைபர் அறுந்தால் இன்டர்ஃபேஸ் உடனே கீழே போகும், நேரடியாக இணைந்த வெளி பிஜிபி செஷனையும் சிஸ்கோ ரவுட்டர் இயல்பாகவே உடனே முறித்துவிடும்.

ஆனால் விழுந்து எழும் செஷனுக்கு மருந்தாக பிஎஃப்டியைப் போடுவது விபரீதம். பிஎஃப்டி எதையும் தாங்கிப் பிடிக்காது, விழுவதை விரைவாக்கும். மழையில் ஒரு விநாடி மங்கும் ரேடியோ இணைப்பையோ, கேரியர் உள்ளே பாதையை மாற்றும்போது ஏற்படும் இரண்டு விநாடி இடைவெளியையோ ஹோல்ட் டைமர் கவனிக்காமலே கடந்திருக்கும். 900 மில்லி விநாடி பிஎஃப்டி ஒவ்வொன்றையும் பிடித்து, ஒவ்வொரு முறையும் செஷனை முறிக்கும். மாற்றுப் பாதை இருந்தால் இதைப் பொறுக்கலாம். டிராஃபிக் அதில் நகர்ந்துவிடும். ஒரே பாதை என்றால்? விரைவாக அறிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? இரண்டு விநாடியில் தானாகத் திரும்பியிருக்கும் இணைப்பு, செஷன் முறிந்ததால் அட்டவணையை முதலிலிருந்து வாங்க வேண்டியதாகிறது. உலக ஐபிவி4 அட்டவணை 9 லட்சம் ரூட்டுகளைத் தாண்டியிருக்கிறது. அதை வாங்கி நிறுவுவதற்குள் நிமிடங்கள் ஓடிவிடும்.

இதனால்தான் இரண்டாவது கேள்வியை இவ்வளவு வலியுறுத்துகிறேன். போக வேறு இடம் இருப்பவர் சீக்கிரம் அறிந்துகொள்வது நல்லது. போக இடமில்லாதவருக்குப் பொறுமைதான் பாதுகாப்பு.

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட், டாம்பனிங்

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் அந்தப் பொறுமையின் முறையான வடிவம். 2007-இன் ஆர்எஃப்சி 4724 அதை வரையறுத்தது. மறுமுனையின் பிஜிபி செயல்முறை மட்டும் செத்துப் பிழைக்கிறது, பாக்கெட்டைக் கடத்தும் வன்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிலையில், பழைய ரூட்டுகளை 'பழையவை' என்று குறித்துவைத்துத் தொடர்ந்து பயன்படுத்துவதுதான் அது. இரட்டைச் செயலி உள்ள ரவுட்டரில் ஒன்று பழுதாகி மற்றது பொறுப்பேற்கும் நேரத்துக்கு மிகப் பொருத்தம். மென்பொருள் மேம்படுத்தும் இரவுகளில் இது இல்லாமல் நான் வேலையைத் தொடங்க மாட்டேன்.

இதை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 4724-இன்படி, நோட்டிஃபிகேஷன் அனுப்பி முறித்த செஷனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஹோல்ட் டைமர் தீர்ந்தால் 4/0 அனுப்பப்படுகிறது. எனவே நம்முடைய 4/0 விழுதலுக்கு அது துணைக்கு வராது. அந்தச் சலுகையை நோட்டிஃபிகேஷனுக்கும் ஹோல்ட் டைமருக்கும் நீட்டித்தது 2019-இன் ஆர்எஃப்சி 8538. உங்கள் இரு ரவுட்டர்களும் அதை ஆதரிக்கின்றனவா என்று பார்க்காமல் இதைத் தீர்வு என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். லைனே இறந்திருக்கும்போது பழைய ரூட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பது, மாற்றுப் பாதை இருந்தும் டிராஃபிக்கைப் பள்ளத்துக்கு அனுப்புவதாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிஎஃப்டியையும் இதையும் யோசிக்காமல் ஒரே செஷனில் போட்டால், ஒன்று விடு என்றும் மற்றொன்று பிடி என்றும் இழுக்கும்.

டாம்பனிங்கை விரைவில் கடந்துவிடலாம். அடிக்கடி வந்து போகும் ரூட்டுக்குத் தண்டப்புள்ளி போட்டு, வரம்பைத் தாண்டியதும் சிறிது காலம் ஒதுக்கிவைப்பது அது. 1998-இல் ஆர்எஃப்சி 2439 ஆக வந்தது. சிஸ்கோவின் இயல்பு அளவில் ஒரு விழுதலுக்கு 1000 புள்ளி, 2000-இல் ஒதுக்கம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி பாதியாகும், அதிகபட்சம் 60 நிமிடம். 2002-இல் வந்த ஓர் ஆய்வு, தொலைவில் நடந்த ஒரே ஒரு விழுதல் வழியெல்லாம் பல மாற்றங்களாகப் பெருகி, நல்ல ரூட்டுகளையும் ஒரு மணி நேரம்வரை ஒதுக்கிவிடக்கூடும் என்று காட்டியது. 2006-இல் ரைப் சமூகம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. பின்னர் 2014-இன் ஆர்எஃப்சி 7196, வரம்பைக் குறைந்தது 6000-க்கு உயர்த்தினால் பயன்படும் என்றது. இதெல்லாம் ரூட்டுகளைப் பற்றிய கதை. நம் சிக்கல் செஷன் விழுவது. செஷன் மீட்டமைக்கப்பட்டதால் ரூட்டுகள் போனால் தண்டப்புள்ளி விழாது என்று சிஸ்கோவின் ஆவணமே சொல்கிறது. ஆக, அங்கே இந்த மருந்து இந்த நோயைத் தொடுவதுகூட இல்லை.

நாமே நிறுத்தி வைப்பது

பட்டியலில் யாரும் சேர்க்காத இன்னொரு வழி உண்டு: விழுந்து எழும் செஷனை நாமே ஷட்டவுன் செய்துவிடுவது. நிலையாக இறந்து கிடக்கும் செஷனைவிட விழுந்து எழும் செஷன் கேடானது. ஒவ்வொரு முறை எழும்போதும் டிராஃபிக்கை இழுக்கும், விழும்போது கொட்டும். அந்த அலை உங்கள் நெட்வொர்க்கோடு நிற்காமல் ரூட்டுகள் போகும் இடமெல்லாம் போகும். நல்ல மாற்றுப் பாதை இருந்தால், நள்ளிரவு இரண்டு மணிக்கு நான் எடுக்கும் முடிவு இதுதான். காரணத்தை நிதானமாகக் காலையில் தேடலாம்.

இதையும் முரட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. செஷன் எழுந்து நிற்கும் இடைவெளியில், 2018-இன் ஆர்எஃப்சி 8326 சொல்லும் 65535:0 என்ற கம்யூனிட்டியை (ரூட்டில் ஒட்டும் ஒரு குறி) ரூட்டுகளில் சேர்த்தால், அதை மதிக்கும்படி அமைக்கப்பட்ட மறுமுனை அந்தப் பாதையின் முன்னுரிமையைக் குறைத்து டிராஃபிக்கை முன்கூட்டியே நகர்த்திவிடும். பிறகு ஷட்டவுன். 2017 முதல் ஷட்டவுனோடு ஒரு சிறு வாக்கியத்தையும் மறுமுனைக்கு அனுப்ப வழி இருக்கிறது. புகார் எண்ணை அதில் எழுதுங்கள். மறுமுனையில் இரவுப் பணியில் இருக்கும் ஒருவர் 6/2-ஐப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் மிச்சமாகும். நான் அந்த நாற்காலியிலும் இருந்திருக்கிறேன்.

மாற்றுப் பாதை இல்லையென்றால் இந்த வழியே இல்லை. அப்போது செய்யக்கூடியது, இயல்பான ஹோல்ட் டைமை வைத்துக்கொண்டு, பிஎஃப்டியை எடுத்துவிட்டு, அடைப்பைத் தேடுவது: பெரிய பிங், இன்டர்ஃபேஸில் ஏறும் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கை), செயலியின் சுமை, ரவுட்டரையே காக்கப் போட்ட வடிகட்டி 179-ஆம் போர்ட்டையும் சேர்த்து வடிகட்டுகிறதா என்பது. மாலை நேரத்தில் மட்டும் விழுந்தால் லைன் நிரம்பி வழிகிறது. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கென்று வரிசையில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

அந்தக் கிடங்குக்கு மறு ஆண்டு வேறொரு கேரியரிடம் இரண்டாவது லைன் வாங்கிவிட்டோம். அதன் பிறகுதான் பிஎஃப்டியைப் போட்டோம். ஃபைபரான முதல் லைனில் 300 மில்லி விநாடி, மூன்று முறை. இரண்டாவது ரேடியோ என்பதால் அதில் ஒரு விநாடி, மூன்று முறை. ஹோல்ட் டைம் இரண்டிலும் இயல்பான 180. சில மாதங்கள் கழித்து ஓர் இரவு முதல் லைன் மீண்டும் ஆடத் தொடங்கியது. பணியில் இருந்தவர் நான்காவது முறை விழுந்ததும் புகார் எண்ணை எழுதி அந்த செஷனை நிறுத்திவிட்டார். கேரியர் காலை பத்தரை மணிக்கு கேபிளைச் சரிசெய்தார்கள். பெரிய பிங் போகிறதா என்று பார்த்துவிட்டு செஷனைத் திறந்தோம். அந்த இரவு முழுவதும் கிடங்கிலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை.